வயல் வீட்டுத் துவக்குக்கு எந்தத் தோட்டா?

அப்பாவின் பழைய 12 போர் துவக்கு, வேளாண்மை காக்கவென்று லைசன் எடுத்தது. இப்போது வெல்லாவெளிப் பக்கம் வயலோடு வீடு கட்டி இருக்கிறோம், நான் இரவு வேலைக்குப் போனால் அம்மாவும் மனைவி பிள்ளைகளும்தான் தனிய. அமெரிக்கக்காரரின் வீடியோக்களில் வீட்டுக் காவலுக்குப் பெரிய குண்டுகள் அடைத்த 00 பக்‌ஷொட் என்கிறார்கள். எங்களுக்கு அது சரிவருமா?

— தம்பி, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. 00 குண்டு ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீற்றர், ஒரு தோட்டாவில் பெரும்பாலும் 8 அல்லது 9 இருக்கும், ஆழமாக இறங்கும். பறவை சுடப் போடும் சிறு சன்னம் அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் அதே குண்டு அங்கத்தைய ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். உங்கள் கல் சுவர் தாங்கினாலும் பலகைக் கதவும் தகரமும் தாங்காது. பிள்ளைகள் எந்தப் பக்கம் படுக்கிறார்கள்?

— தோட்டாவுக்கு முதல் துவக்கின் அறை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடம், எவ்வளவு நீளம் என்று பாருங்க அண்ணன். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றில் அது 65 மில்லிமீற்றர்தான். இப்போதைய 70 மில்லிமீற்றர் தோட்டா (அது வாய் விரிந்த பிறகு வரும் நீளம்), சுடுமுன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால், அதற்குள்ளும் இலேசாகப் போய் உட்காரும், வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அளந்து பார்க்காமல் எதையும் போட வேண்டாம்.

— லைசன் வேளாண்மைக்கு எடுத்தது, வீட்டுக் காவலுக்குச் செல்லுமா என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேளுங்க. அப்புறம், யானை வந்தால் சுட்டுவிடாதீங்க. சன்னம் பட்ட யானை புண்ணோடு ஊருக்குள்தான் திரியும்.