மறுமொழி: விரற்பலகையா, ஊன்றுதளமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். இசைக்கருவிச் சொற்பட்டியல் பற்றிக் குழுவில் எழுந்த இரு கேள்விகளுக்கு என் பதில் இது. ‘ஃபிங்கர்போர்டு’ என்பது தந்திக் கருவியில் விரலால் தந்தியை அழுத்தும் இடத்தில், தந்திக்குக் கீழே உள்ள பரப்பு.

> ‘ஃபிங்கர்போர்டு’க்கு ‘விரற்பலகை’ ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்குகிறது, உண்மைதான். வீட்டில் மெட்டு (‘ஃப்ரெட்’, தந்திக்குக் கீழே குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இல்லாத மூன்று தந்திக் கருவி ஒன்றைச் செய்து பார்க்கும்வரை எனக்கும் அதில் குறை தெரியவில்லை. தேக்குப் பலகையை இழைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி, கம்பி சுற்றிய எஃகுத் தந்திகளைப் பூட்டினேன். மூன்றாம் மாதம் பஞ்சமம் விழும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம். தந்திமேல் சுற்றிய கம்பி அரம்போலத் தேக்கை ராவியிருந்தது. அங்கிருந்து அடுத்த சுரமான தைவதத்துக்கு ஜாரு இழுத்தால் (விரலை எடுக்காமல் வழுக்கினால்) பள்ளத்தின் விளிம்பில் தந்தி உரசி இரைகிறது.

அப்போதுதான் உறைத்தது, பலகையில் படுவது விரல் அன்று, தந்தி. வீணையில் தந்தியின் அதிரும் பகுதி எங்கே முடிகிறது என்று வரையறுப்பது மெட்டு. அந்த 24 மெட்டுகளையும் தாங்கும் மெழுகை யாரும் அழுத்துவதில்லை. வயலினிலோ மெட்டின் வேலை முழுவதையும் பலகையின் மேற்பரப்பே செய்கிறது. கருங்காலியைத் தேடிப் போவது அதற்காகத்தான். இழைப்புளியையே மழுக்கும் மரம் அது. (சொற்பட்டியலில் ‘கருங்காலி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கழுத்தில் அணியும் மாலை விற்கும் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் செம்பழுப்பு வைரம் கொண்ட வேறு மரம். வயலினுக்கு வேண்டியது டயோஸ்பைரோஸ் இனத்துக் கறுப்பு மரம். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்.)

இனி ‘பலகை’. வட இந்தியத் தந்திக் கருவியான சரோதில் இருப்பது எஃகுத் தகடு. அதன்மேல் தந்தியை நகத்தால் அழுத்தி வழுக்குவார்கள். அமெரிக்க பேஸ் கிதார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் கிதாரில் மெட்டுகளைக் களைந்து, மரத்தின்மேல் படகுக்குப் பூசும் எப்பாக்சிப் பிசினைப் பூசினார். அங்கே தந்தி மரத்தைத் தொடுவதே இல்லை. நானும் தேக்கின்மேல் 1 மி.மீ. சன்மைக்கா ஒட்டிவிட்டேன். நாதம் சற்றுக் கூர்மையாகிவிட்டது, ஆனால் இதுவரை பள்ளம் விழவில்லை. கருங்காலி கிடைக்காதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ஆகவே என் முன்மொழிவு: ஊன்றுதளம். ‘விரலை ஊன்றி வாசி’ என்று வகுப்பில் சொல்கிற சொல்தான். மரம், எஃகு, சன்மைக்கா, கண்ணாடி எதுவானாலும் பொருந்தும்.

> யாழின் உறுப்புப் பெயர்களில் ஒன்றை மீட்கலாமே? திவவு?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு; அழுத்திப் பிடிக்கும் பரப்பே அதற்கு இல்லை. திவவு என்பது கோட்டில் (யாழின் தண்டில்) நரம்பை வலித்துக் கட்டும் வார்க்கட்டு. அந்தச் சொல்லை இங்கே இழுத்து வந்தால் யாழைப் படிக்கிறவர்களும் குழம்புவார்கள், கருவி செய்கிறவர்களும் குழம்புவார்கள்.

‘ஃப்ரெட்லெஸ்’ (மெட்டு பதிக்காதது) பற்றியும் ஒரு சொல். ‘மெட்டில்லாக் கருவி’ என்றால் பாட்டு மெட்டே வராத கருவி என்றும் படிக்க இடமுண்டு. நானே மேலே ‘மெட்டு இல்லாத’ என்றுதான் எழுதினேன். பேச்சில் சரி, கலைச்சொல்லாக வேண்டாம். மெட்டு பதித்ததை மெட்டுத்தளம் என்றும், பதிக்காததை வெறுந்தளம் என்றும் இணையாக வைக்கலாம். வயலினும் சரோதும் வெறுந்தளக் கருவிகள்.

சித்திரவீணைதான் இடிக்கிறது. அதில் உருளைக்கட்டை தந்தியின் மேலேயே வழுக்கிப் போகும். தந்தி கீழே தளத்தில் பதிவதில்லை. வில்லால் வாசிக்கும் சாரங்கியிலும் நகத்தின் ஓரம் தந்தியைப் பக்கவாட்டில் தொடுவதோடு சரி. இவ்விரண்டுக்கும் ஊன்றுதளமே கிடையாது என்பது என் கருத்து. கீழே எந்த மரம் போட்டாலும் தேயாது. இவற்றை ‘வெறுந்தளம்’ என்பதில் சேர்க்காமல் தனிச்சொல் தேட வேண்டும். ‘மிதவைத் தந்தி’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. சித்திரவீணை வாசிக்கிறவர்கள் குழுவில் இருந்தால், கட்டைக்குக் கீழே உள்ள அந்தப் பரப்பை வாய்வழக்கில் என்னவென்று சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.