எட்டு வருஷம் டஸ்ட் அலர்ஜின்னு நம்பினேன்: உங்க மூக்கு அனுபவத்தையும் சொல்லுங்க

பனியன் ஊர்க்காரன்

காலையில குளிர்காத்து மூஞ்சில பட்டாப் போதும்ங்க, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி மூக்குல தண்ணி. ஆபீஸ் ஏசிக்குள்ள போனா அடைப்பு. ஊதுபத்தி, மிளகாய் தாளிக்கிற நெடி, பக்கத்து சீட்டுக்காரர் போட்ட சென்ட், எதுவும் ஆகாது. ஆனா தும்மல் அவ்வளவா கிடையாது, கண்ணு அரிப்பு சுத்தமா இல்லை. அதைக் கவனிக்கணும்னு அப்ப யாரும் சொல்லல. முதல்ல பார்த்த டாக்டர் ரெண்டே நிமிஷத்துல, "தூசி ஆகாது, பஞ்சு மெத்தை இருந்தா எடுத்துருங்க"ன்னு முடிச்சுட்டார்.

அந்த மெத்தை எங்கம்மா செஞ்சது. தோட்டத்து இலவமரத்துக் காயைப் பொறுக்கி, உக்காந்து கொட்டை எடுத்து, வெயில்ல காயவெச்சு, என் கல்யாணத்துக்குன்னு தெச்சுக் கொடுத்தாங்க. டாக்டர் சொன்னாருன்னு அதை ஆட்டோவுல ஏத்தி அனுப்பும்போது ஒண்ணும் பேசல. மெத்தையோட ஒரு மூலையைப் பிடிச்சுட்டே நின்னாங்க.

போன மாசம் கோயமுத்தூர்ல வேற டாக்டர்கிட்ட போய் தோல் டெஸ்ட் எடுத்தேன். முழங்கைக்குக் கீழ பேனாவால நம்பர் போட்டு, ஒவ்வொரு நம்பர்லயும் ஒரு சொட்டு, ஒரு குத்து. கையை ஆட்டாம 15 நிமிஷம் உக்காரச் சொன்னாங்க. பார்த்துட்டே இருக்கேன், ஒரே ஒரு இடம் கொசு கடிச்ச மாதிரி தடிச்சு வந்துச்சு. "இதானுங்க எனக்கு ஆகாததா?"ன்னு கேட்டேன். நர்ஸம்மா, "அது ஹிஸ்டமின் சார், அலர்ஜி வந்தா உடம்பே சுரக்கிற பொருள், குத்தினா எல்லாருக்கும் தடிக்கும். தடிச்சாத்தான் டெஸ்ட்டே சரி"ன்னாங்க. வீட்டுத் தூசி உண்ணி, கரப்பான், பார்த்தீனியம், சீமைக்கருவேல மகரந்தம், எதுவுமே எழும்பல. தோல் அப்படியே வழவழன்னு இருந்துச்சு.

எனக்கு இருக்கறது வாசோமோட்டர் ரைனைட்டிஸாம். அலர்ஜியே இல்லாம, குளிருக்கும் நெடிக்கும் மூக்கு நரம்பும் ரத்தக்குழாயும் அளவுக்கு மீறித் துடிக்கிறது. அசெலாஸ்டின்னு மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே கொடுத்திருக்காங்க. தொண்டையில கசப்பு இறங்குது, ஆனா கேக்குது. அம்மாகிட்ட இன்னும் சொல்லலைங்க.

மருந்துக்கடைத் தம்பி, மதுரை

அண்ணே, ஒரு கேள்வி. டெஸ்ட்டுக்கு முன்னாடி செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையை நிப்பாட்டினீங்களா? எங்க அண்ணன் நிப்பாட்டாமப் போய், கையில ஒண்ணுமே எழும்பாம, "அலர்ஜி இல்லை"ன்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டான். ஒரு வருஷம் வீணாப்போச்சு. அந்த மாதிரி மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்திருவாங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்தணும். உங்களைப் பார்த்துட்டு எல்லாரும் தூசி ஒண்ணும் பண்ணாதுன்னு விட்டுறக்கூடாதுன்னுதான் சொல்றேன். நிஜமாவே உண்ணி அலர்ஜி இருக்கவங்க நிறையப் பேர். உண்ணி கண்ணுக்குத் தெரியாது, நம்ம மேல இருந்து உதிர்ற தோலைத் தின்னு தலகாணிக்குள்ள வாழும், ஈரப்பதம் இருந்தாப் பெருகும். தலகாணி உறை, பெட்ஷீட்டை வாரம் ஒருக்கா 60 டிகிரி வெந்நீர்ல துவைங்க. பச்சைத் தண்ணியில அலசினா அது சாகாது. உண்ணி நுழையாத நெருக்க நெசவு உறை விக்கிது, தலகாணிக்கு அதைப் போடுங்க. வீட்டைக் கூட்டும்போது ஈரத்துணியால துடைங்க, விளக்குமாத்தால கிளப்பிவிடாதீங்க. கெட்டித் திரைச்சீலை வேண்டாம். பாப்பா பொம்மையையும் துவைங்க.

பனியன் ஊர்க்காரன்

தம்பி, நிறுத்திட்டுத்தான் போனேன். அதுவும் போக, மாத்திரை வேலை செஞ்சிட்டிருந்தா ஹிஸ்டமின் குத்தின இடமும் அமுங்கியில்ல போயிருக்கும்? எனக்கு அது நல்லா எழும்பிச்சே. உங்க அண்ணன் ரிப்போர்ட்டுல அந்த இடத்தைப் பார்த்தாங்களான்னு கேளுங்க.

ரெண்டு பிள்ளை அம்மா

என் பெரியவளுக்கு அலர்ஜியேதான். ஆனா அதைக் கண்டுபிடிச்ச விதம்தான் இன்னும் என்னை உறுத்துது. உள்ளங்கையால மூக்கு நுனியை மேல மேலன்னு தேய்ச்சுக்கிட்டே இருப்பா. கிளாஸ்ல கெட்ட பழக்கம்னு எழுந்து நிக்க வெச்சிருக்காங்க. நானும் கையைத் தட்டிவிட்டிருக்கேன், ஒருநாள் அடிச்சும் இருக்கேன்.

டாக்டர் அவ மூஞ்சியை வெளிச்சத்துல திருப்பி, மூக்குக்குக் குறுக்கே இருந்த மெல்லிசுக் கோட்டை விரலால காட்டினார். தேய்ச்சுத் தேய்ச்சு விழுந்த மடிப்பு. வீட்டுக்கு வந்து ஸ்கூல் ஐடி கார்டு போட்டோவை எடுத்துப் பார்த்தேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த அதுலயும் அதே கோடு. கண்ணுக்குக் கீழ கருப்பும், திறந்தபடி இருக்கற வாயும் அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அரிப்புத் தாங்காம தேய்ச்ச பிள்ளையைப் போய் அடிச்சிருக்கேன்.

மொமெட்டசோன்னு மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தாங்க. மூணு நாள்ல கேக்கலைன்னு நானே நிறுத்திட்டேன், அதுவும் என் தப்பு. முழுசா வேலை செய்ய ரெண்டு வாரம்கூட ஆகும், தினமும் அடிக்கணும். அடிக்கிற முறையும் தெரியல. நடுத்தண்டைப் பார்த்து அடிச்சு ரத்தம் வந்துச்சு. இப்ப தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை, ஸ்ப்ரே வாய் அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்கணும்னு அவளே எனக்குச் சொல்லிக்காட்டுறா.

நாரோயில் பையன்

மூக்குச் சொட்டு மருந்தைப் பத்தி யாருமே எழுதலையே. அதுதான் என்னைய கெடுத்தது. சைலோமெட்டாசோலின், நாலு வருசம், சட்டைப் பையில எப்பவும் ஒரு பாட்டில். சளிக்குன்னு போட்டது, நிறுத்தினா அடைக்கும், அடைச்சா திரும்பவும் போடுவேன்.

ஒருநாள் சென்னையில இருந்து ராத்திரி பஸ்ல ஊருக்கு வாறேன். சாப்பிட நிறுத்தின மோட்டல்ல பாட்டிலை மேசையிலயே விட்டுட்டேன். விழுப்புரம் தாண்டி ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூசின மாதிரி அடைச்சுக்கிட்டு. படுக்க முடியல. வாயால மூச்சு விட்டு நாக்கு மரக்கட்டையா போச்சு. பெரம்பலூர் பக்கம் டிரைவர் அண்ணன்கிட்ட கெஞ்சி பஸ்ஸை நிறுத்தினேன். ராத்திரி ஒரு மணி, பாதி ஷட்டர் இறக்கின மெடிக்கல். பஸ்ல அத்தனை பேரும் எட்டிப் பார்க்காங்க. கடைக்காரர், "எத்தனை நாளா போடுறீங்க தம்பி?"ன்னு கேட்டாரு. "நாலு வருசம்"னேன். ஒண்ணும் சொல்லாம பாட்டிலைக் கொடுத்துட்டு என் கையைப் பார்த்தாரு. மூடியைத் திறக்க முடியாம கை நடுங்கிக்கிட்டிருந்தது.

அந்த மருந்து ரத்தக்குழாயைச் சுருக்குது. அது இறங்கினதும் குழாய் முன்னைவிட வீங்கும். அஞ்சு நாளுக்கு மேல போடவே கூடாதாம். இ.என்.டி டாக்டர் சொன்னபடி ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஆரம்பிச்சு, முதல்ல ஒரு பக்கத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்தினேன். ஆறு ராத்திரி சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கினேன். அந்தப் பக்கம் திறந்தப்புறம் அடுத்ததை நிறுத்தினேன். மருந்துக்கடைத் தம்பி, நீங்க கடையில இருக்கீங்க. ரெண்டாவது பாட்டில் கேட்டு வாரவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

காவிரிக்கரை

எனக்கு மார்கழி ஆனா சளி, அவ்வளவுதான். உப்புத்தண்ணி கழுவலைப் பத்திச் சொல்ல வந்தேன். அலர்ஜியோ அலர்ஜி இல்லையோ, ரெண்டுக்குமே உதவும். கடையில விக்கிற பாக்கெட் பொடியை, அதுல போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணியில கரைச்சு வெதுவெதுன்னு எடுத்துக்கங்க. தொட்டிக்கு மேல குனிஞ்சு தலையைச் சாய்ச்சு, மேல் துவாரத்துல மெதுவா விடுங்க, கீழ் துவாரம் வழியா வந்துடும். வாயால மூச்சு விடணும், அப்ப முழுங்கக்கூடாது, பேசக்கூடாது. அழுத்திப் பீச்சினா காது அடைக்கும். முடிச்சதும் பலமா மூக்கைச் சிந்தாதீங்க. ஸ்ப்ரே அடிக்கிறவங்க கழுவிட்டு அப்புறமா அடிங்க, இல்லைன்னா மருந்தும் சேர்ந்து வெளிய வந்துடும். கழுவுற பாத்திரத்தை வேற யாருக்கும் கொடுக்காதீங்க.

ரெண்டு பிள்ளை அம்மா

காவிரிக்கரை, முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி அப்படியே எடுக்கவே கூடாது. கொதிக்க வெச்சு ஆறின தண்ணிதான். மூளையைத் தாக்குற அமீபா மூக்கு வழியாத்தான் போகும், கேரளாவுல குழந்தைகளே அதுல இறந்திருக்காங்க. இன்னொண்ணு, ஒரே பக்கத்துல மட்டும் ஒழுகினா வீட்டு வைத்தியம் வேண்டாம். சின்னதுங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நாத்தத்தோட சளி வந்தா உள்ள ஏதாவது மாட்டியிருக்கலாம். என் சின்னவன் புளியங்கொட்டையைப் போட்டுக்கிட்டான். அந்தக் கதை இன்னொரு நாள்.

யாழ் மண், டொரோண்டோ

ஊரிலை இருக்கேக்கை எனக்கு ஒண்டும் இல்லை. இங்கை வந்து மூண்டாம் வருசம் ஓகஸ்ட் கடைசியிலைதான் தொடங்கினது. கண் கடி, அண்ணத்திலை கடி, தும்மல். அண்ணம் கடிச்சா நாக்காலை சொறிஞ்சுகொண்டே வேலையிலை நிப்பன். மனுசி கொரோனா எண்டு பயந்து தனி அறையிலை விட்டவா. பாத்தா ரேக்வீட் எண்ட களைச்செடியின்ரை மகரந்தம். முதல் உறைபனி விழுறவரைக்கும் இருக்கும். பனியன் ஊர்க்காரன் அண்ணைக்கு அரிப்பு இல்லை எண்டதை வாசிக்கத்தான் எனக்கும் அவருக்கும் இருக்கிற வித்தியாசம் விளங்கினது.

மருந்துக்கடைத் தம்பி, மதுரை

நாரோயில் பையன், இனிமே கேக்குறேன் அண்ணே. நேத்தே ஒருத்தர்கிட்ட கேட்டேன், கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டார். பனியன் ஊர்க்காரண்ணே, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

பனியன் ஊர்க்காரன்

ஞாயித்துக்கிழமை சொன்னேன் தம்பி. தூசியும் இல்லை, பஞ்சும் இல்லைன்னு. அம்மா அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க. முறத்தைக் கீழ வெச்சுட்டு, "அப்ப மெத்தையில படுத்தா ஒண்ணும் ஆகாதா?"ன்னு கேட்டாங்க. ஆகாதும்மான்னேன். "மரம் இன்னும் காய்க்குது, எனக்குத்தான் இப்பக் கொட்டை எடுக்கக் கண்ணு தெரியறதில்லை"ன்னாங்க. காங்கேயம் பக்கம் இலவம்பஞ்சு கொட்டை எடுத்து மெத்தை தெச்சுக் கொடுக்கற ஆளுங்க யாராவது இருந்தா இங்கயே சொல்லுங்க. பங்குனிக்குள்ள வேணும்.