புதுப்பிப்பு: அந்தமானுக்கு ரெசின் போய்ச் சேர்ந்தது, ஹார்ட்னர் போகவில்லை

மாமாவின் ஃபைபர் படகில் விழுந்த ஓட்டையை அடைக்க ரெசின் (ஃபைபரோடு சேர்ந்து இறுகும் பிசின்), ஹார்ட்னர் (அதை இறுக வைக்கும் திரவம்), அசிட்டோன் (துடைக்க, கழுவ உதவும் கரைப்பான்) மூன்றையும் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு அனுப்ப வழி கேட்டிருந்தேன். கூரியரில் மறுத்துவிட்டார்கள். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது காசிமேட்டு அண்ணன் சொன்னதுதான்: அபாயச் சரக்கு எடுக்கும் ஏஜென்ட் மூலம் கப்பலில். முதலில் கேட்டது பாதுகாப்புத் தகவல் தாள். வாங்கிய கடையிலேயே கொடுத்தார்கள். அபாயச் சரக்குகளுக்கான ஐ.நா. எண் (யுஎன்) அதில் இருக்கும்: ரெசின் யுஎன் 1866, அசிட்டோன் யுஎன் 1090. இரண்டும் வகுப்பு 3, தீப்பற்றும் திரவம்.

எதிர்பாராதது ஹார்ட்னர். ஆர்கானிக் பெராக்சைடு (சூடானால் தானே சிதைந்து தீப்பிடிக்கக்கூடிய ரசாயனம்) என்பதால் வகுப்பு 5.2, ஏஜென்ட் தொடவே இல்லை. மாமா அங்கேயே படகு கட்டுபவரிடம் வாங்கிக்கொண்டார்.

ஒன்று முக்கியம்: ஹார்ட்னரையும் கோபால்ட்டையும் (ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் திரவம்) நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்ட்னர்.