அம்மா தனியாக இருக்கும் வீட்டில் தரைவழித் தொலைபேசியை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் 76 வயதான என் அம்மா தனியாக இருக்கிறார். ரேழியில் இருக்கும் தொலைபேசி 1997 முதல் அதே எண்ணில் ஓடுகிறது. ஆனால் போன ஐப்பசி மழைக்குப் பிறகு, எடுத்துக் காதில் வைத்தால் பாதி நாள் கொரகொரவென்ற இரைச்சல்தான் கேட்கிறது. புகார் கொடுத்தால், கண்ணாடி இழை (ஃபைபர்) இணைப்புக்கு மாறிவிடுங்கள் என்கிறார்கள். தம்பியோ, மாதாமாதம் தண்டச் செலவு எதற்கு, கைபேசி ஒன்றே போதும் என்கிறான். அம்மாவிடம் கைபேசி இருக்கிறது; ஆனால் சார்ஜ் போட மறந்துவிடுவார், ஒன்றரை அடிச் சுவர்களுக்குள் சிக்னலும் சரியாக எட்டுவதில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய லைன்மேன்:
தாமிரக் கம்பியில் பேசுவதற்கான மின்சாரம், எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரி அடுக்கிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருகிறது. தெருவே இருண்டு கிடந்தாலும் வீட்டில் மணி அடித்தது அதனால்தான். கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கொண்டுவரும். ஆகவே வீட்டில் மின்சாரம் போனால், இழையையும் தொலைபேசியையும் இணைக்கும் மோடம் என்ற பெட்டியும், அதோடு தொலைபேசியும் நின்றுவிடும். மாறுவதாக இருந்தால் மோடத்துக்கென ஒரு மினி யுபிஎஸ், அதாவது மின்சாரம் போனாலும் அதை ஓடவைக்கும் சிறு பேட்டரிப் பெட்டி, வாங்கி வையுங்கள். பழைய எண்ணையே தருவார்களா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இப்போது இருப்பது விரலால் சுழற்றும் கருவி என்றால் பல மோடங்கள் அதை ஏற்காது. பொத்தான் கருவிதான் வேண்டும். இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கம்பிகளை இணைக்கும் ஜாயின்ட்டில் ஈரம் இறங்குவதுதான். பிரித்துப் புதிதாகப் போட்டால் தீரும். ஆனால் அதற்கு ஏணியோடு வர இன்று ஆள் ஏது?

மன்னார்குடிக்காரன்:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கம்பங்கள் சாய்ந்து தொலைபேசிக் கம்பியும் அறுந்தது, டவர்களுக்கு மின்சாரம் இல்லாமல் கைபேசியும் ஊமையானது. எது முதலில் உயிர் பெற்றது என்றால் கைபேசிதான். டவருக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்தால் போதும், தெருத்தெருவாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. பெரும் புயலுக்குத் தரைவழி இணைப்பு காப்பு என்று நம்பிவிடாதீர்கள். அன்றாட மின்வெட்டு வேறு கதை.

கணக்குப்பிள்ளை:
தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வங்கி ஓடிபி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் எண், ஆதார் சரிபார்ப்பு எல்லாம் கைபேசிக்குத்தான் வருகின்றன. ஆகவே அதை விட முடியாது. ஆனால் ரீசார்ஜ் காலம் முடிந்ததை அம்மா கவனிக்காவிட்டால் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்திருக்கிறது; அதில் ஓராண்டுக்கானதைப் பார்த்து நீங்களே போட்டுவிடுங்கள். இன்னொன்று: தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க 2021 ஜனவரி 15 முதல் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். என் மாமியார் இது தெரியாமல் பல நாள், பிள்ளை போனை எடுப்பதே இல்லை என்று மனத்தாங்கலாக இருந்தார்.

காவிரிக்கரை:
அனைவருக்கும் நன்றி. அந்தப் பூஜ்யம் எங்கள் வீட்டிலும் சண்டை மூட்டியிருக்கிறது! அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். "பால்காரர், டாக்டர், உன் அத்தை எல்லாரிடமும் இந்த நம்பர்தான் இருக்கு, ராத்திரி விளக்குப் போடாமலே போய் எடுப்பேன்" என்றார். எண் மாறாது என்று உறுதி கிடைத்தால் கண்ணாடி இழைக்கு மாறி, மினி யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுகிறேன். இப்போதுள்ள கைபேசிக்குப் பதிலாகக் கழுத்தில் மாட்டும் கயிற்றோடு ஒரு பொத்தான் கைபேசி தரப்போகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தால் ரேழி வரை வர முடியாதல்லவா. லைன்மேன் ஐயா, அந்த மினி யுபிஎஸ் வாங்கும்போது மோடத்தின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்தால் போதுமா, ஆம்பியரையும் பார்க்க வேண்டுமா?

பழைய லைன்மேன்:
இரண்டையும் பாருங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.