புதுப்பிப்பு: மாலைதீவில் படகா, தீவு விடுதியா?

மாலைதீவில் சுழியோடப் படகிலேயே தங்குவதா, தீவில் அறை எடுப்பதா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சுழியோடாத ஆளும் கூட வந்தால் தீவுதான்" என்ற யோசனையே சரிவந்தது.

தெற்கு ஆரி பகுதியில் உள்ள திகுரா தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்தோம். மனைவிக்கு நீண்ட கடற்கரை, எனக்குக் காலையில் சுழியோடல், பின்னேரம் நல்ல தூக்கம். திமிங்கிலச் சுறாவையும் பார்த்தாயிற்று. படகில் ஒரே நாளில் மூன்று, நான்கு தடவை இறங்கலாம், தூரத்து இடங்களும் கிடைக்கும். அதற்காகவே போகிறவர்களுக்கு அதுதான். குடியிருப்புத் தீவுகளில் மது கிடையாது, அப்புறம் பிகினிக்குத் தனிக் கடற்கரை.

எதிர்பாராத விஷயம் நம் மலை. பல நாள் சுழியோடினால், கடைசியாக இறங்கியபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது தெரியும். மலை ஏறுவதும் அதே கணக்குத்தான் என்றார் பயிற்சியாளர்: உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகலாம். மாலைதீவிலிருந்து வருகிறவர்களுக்கு விமானத்துக்காகக் காத்த நேரமே போதும். ஆனால் நிலாவெளியில் சுழியோடிவிட்டு அன்று பின்னேரமே வான் பிடித்து, 1,868 மீட்டர் உயர நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவுக்குப் போனால் இனிக் கடைசி நாள் மலை ஏறாமல் திருகோணமலையில், கோணேசர் கோயிலுக்குத்தான்.