வலது பக்க நெஞ்சில் வலி, இறுக்கம்: எதனால் இருக்கும்?

தறிக்காரன்:
குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 44, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். போன வாரத்திலிருந்து வலது மார்பில் ஒரு இறுக்கம். மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்கிறது. பாவு பீமை (பாவு நூல் சுற்றிய கனமான உருளை) தூக்கி மாட்டியதில் பிடித்திருக்கும் என்கிறார் பக்கத்துத் தறி அண்ணன். வீட்டில் வாயு என்று சொல்லி, தினமும் பூண்டு வறுபடுகிறது. எப்படியும் இதயம் இடது பக்கம்தானே, பயப்பட ஒன்றுமில்லை அல்லவா?

வார்டு அக்கா:
அப்படி விட்டுவிட முடியாது தம்பி. மாரடைப்பு வலி பெரும்பாலும் நடு நெஞ்சில்தான் வரும், ஆனால் வலது தோளுக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுமுட்டலுமாகக்கூட வரலாம். முதலில் ஈசிஜி எடுங்கள். அது நார்மல் என்றாலும் சந்தேகம் இருந்தால் இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். காய்ச்சல், இருமல் இருக்கிறதா? நிமோனியாவிலும் டிபியிலும் நுரையீரல் உறை பாதித்தால் இப்படித்தான் மூச்சு இழுக்கும்போது குத்தும். எக்ஸ்ரே எடுத்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

கல் பார்ட்டி:
எனக்குப் பித்தப்பைக் கல். ராத்திரி பரோட்டா, சால்னா உள்ளே போனால் போதும், வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுப் பட்டை வரை ஏறும். வயிற்று ஸ்கேனில்தான் தெரிந்தது.

மஞ்சப்பை:
சட்டையைக் கழற்றித் தோலையும் பாருங்கள். அக்கியாக இருந்தால் கொப்புளம் கிளம்பச் சில நாள் முன்பே ஒரு பக்கம் மட்டும் எரியும். எங்கள் ஊரில் காவி கரைத்து அக்கி எழுதுவார்கள். அதில் நேரத்தை விடாதீர்கள், கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன்.

தறிக்காரன்:
தோலில் ஒன்றும் இல்லை. காய்ச்சல், இருமலும் இல்லை. சாப்பாட்டுக்கும் வலிக்கும் சம்பந்தம் தெரியவில்லை. நெஞ்செலும்பு ஓரத்தில் விரல் வைத்து அழுத்தினால் அதே வலி வருகிறது. அப்போ பீம்தானா?

வார்டு அக்கா:
தசைப்பிடிப்பாகவோ விலாக் குருத்தெலும்பு வீக்கமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஈசிஜியை விடாதீர்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனாலும் இப்படி வலிக்கும்; ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? திடீரென மூச்சு திணறினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ உடனே 108.

தறிக்காரன்:
கால் நன்றாக இருக்கிறது அக்கா. ஷிஃப்டை மாற்றிவிட்டு இப்போதே ஜிஎச் கிளம்புகிறேன். மாத்திரைச் சீட்டு வேண்டுமா?

வார்டு அக்கா:
கட்டாயம். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம், அந்த அண்ணனையே ஓட்டச் சொல்லுங்கள்.