முதல் பத்துக்குள் கோர்னர்பேக் எடுப்பது புத்திசாலித்தனமா?

ஸ்டோர்_நைட்ஷிப்ட் (தலவாக்கலை):

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்கள் மலையகத்தில் என்னைத் தவிர நாலு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே வேலையால்தான். தேயிலை ஸ்டோரில் இரவு வேலை. கொழுந்தை வாடப் போட்டுவிட்டால் அப்புறம் அவ்வப்போது போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே ஞாயிறு பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பத்தரை, நவம்பருக்குப் பிறகு பதினொன்றரை. பழக்கிவிட்டது நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்வதுதான் ட்ராப்ட். அதற்கு முந்தைய வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து முதல் சுற்றை நாங்களே நடத்திப் பார்ப்போம். 32 அணி, ஆளுக்கு நாலு. இரண்டு வருடம் கழித்து யார் எடுத்த ஆள் உருப்பட்டான் என்று பார்த்து மார்க் போடுவோம். 2020இல் டெட்ராய்ட் என் கையில் இருந்தது. மூன்றாவது தெரிவாக ஜெஃப் ஒகுடா என்ற கோர்னர்பேக்கை, அதாவது பந்து பிடிக்க ஓடும் ரிசீவரை மறிக்கிற ஆளை, சொன்னேன். நிஜ டெட்ராய்ட்டும் அவரையேதான் எடுத்தது! தலைகால் புரியாமல் ஆடினேன். 2021இன் முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. 2023இல் வெறும் ஐந்தாம் சுற்றுத் தெரிவுக்கு அட்லாண்டாவுக்குத் தள்ளிவிட்டார்கள். குழுவில் இன்றுவரை என் பெயர் ஒகுடா.

இந்த முறை என் அணி ஒன்றுக்கு முதல் பத்துக்குள் தெரிவு. மிச்சமிருப்பவர்களில் ஆகத் திறமையானவன் ஒரு கோர்னர்பேக். ஆனால் அணிக்குப் பந்தை எறிகிற குவாட்டர்பேக்கைக் காக்கும் லெப்ட் டெக்கிளும் இல்லை, எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கவும் ஆளில்லை. பெயர்களைச் சொல்ல மாட்டேன், மச்சான் இங்கேயும் வந்து படிப்பார். எடுக்கலாமா?

நித்தவளை_ரகர் (கண்டி):

தாராளமாக எடுங்கள். நான் ரக்பி ஆடிய ஆள், அதை வைத்துச் சொல்கிறேன். நம் ஆட்டத்தில் விங்கரை மறிக்கிறவன் முன்னால் பார்த்து ஓடிவந்து விழுவான். கோர்னர்பேக் பின்பக்கமாக ஓடத் தொடங்கி, எதிராளி எந்தப் பக்கம் வெட்டுவான் என்று தெரியாமலே இடுப்பைத் திருப்பி, அவனுக்குச் சமமாக ஓட வேண்டும். ஐந்து யார் (கெஜம்) தாண்டினால் கைவைத்துத் தடுக்கவும் கூடாது. பந்து வரும்போது இடித்தால், எந்த இடத்தில் இடித்தானோ அந்த இடத்திலேயே பந்து எதிரணிக்கு. நாற்பது யார் ஒரே விசிலில் போய்விடும். இதைச் செய்யக்கூடிய உடம்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

2007இல் நியூயோர்க் ஜெட்ஸ் 14ஆவதாக எடுத்த டேரல் ரெவிஸ் நின்ற பக்கத்துக்கு ‘ரெவிஸ் தீவு’ என்றே பெயர் வந்தது. 2021இல் டென்வர் ஒன்பதாவதாக எடுத்த பாட்ரிக் சர்டெய்ன், 2024இன் சிறந்த தற்காப்பு வீரர். ஒகுடாவுக்குக் காயம் பட்டது உங்கள் குற்றமில்லை.

கவ்வாத்து (பொகவந்தலாவை):

கண்டி அண்ணன் ஆளைப் பார்க்கிறார், அணியைப் பார்க்கவில்லை. 2022இல் ஜெட்ஸ் நாலாவதாக சோஸ் கார்ட்னரை எடுத்தது. முதல் வருடமே சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருது. அணி? மூன்று வருடமும் வெற்றி-தோல்வி 7-10, 7-10, 5-12. கடைசியில் 2025 நவம்பரில் இந்தியானாபொலிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் லேசானது. ஒரு பக்கம் மதில் கட்டினால் குவாட்டர்பேக் மறுபக்கம் எறிவான். இரண்டாவது கோர்னர் ஓட்டையாக இருந்தால் முதலாமவன் சும்மா நிற்க வேண்டியதுதான். துரத்துகிற ஆள் அப்படியில்லை. அவன் அரை நொடி முந்தி வந்தால் பின்னால் நிற்கிற எல்லாக் கோர்னரும் நல்ல கோர்னர் ஆகிவிடுவார்கள். உங்கள் அணி இப்போது கவ்வாத்து வெட்டிய மலை. முதலில் வாது எழும்பட்டும், அப்புறம் கொழுந்தைப் பற்றிப் பேசலாம்.

அதே 2021இல் டல்லாஸும் கோர்னரைத்தான் குறிவைத்திருந்தது என்று பேச்சு. எட்டிலும் ஒன்பதிலும் ஹோர்ன், சர்டெய்ன் என்ற இரண்டு கோர்னரும் போய்விட, பத்தாவது இடத்தை விற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கி, பின்னால் துரத்துகிற ஆளாகப் பேர் வாங்கிய மைக்கா பார்சன்ஸை எடுத்தார்கள். கிடைக்காததே அதிர்ஷ்டம். பெரிய கோர்னரான ரிச்சர்ட் ஷெர்மன் எந்த இடம்? 154. இன்னொரு கோர்னர் மால்கம் பட்லரை ட்ராப்டில் யாருமே எடுக்கவில்லை, 2015 சூப்பர் போல் இறுதிப் போட்டியைக் கடைசி நிமிடத்தில் முடித்துவைத்தது அவர்தான்.

நித்தவளை_ரகர்:

கார்ட்னரை ‘கொடுத்துவிட்டார்கள்’ என்கிறீர்களே தம்பி, எதற்குக் கொடுத்தார்கள்? இரண்டு முதல் சுற்றுத் தெரிவுக்கு, மேலே ஒரு ரிசீவரும். மதிப்பில்லாத இடத்துக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா? ஷெர்மன், பட்லர் கதையெல்லாம் லொத்தர் விழுந்தவனைக் காட்டி எல்லாரையும் சீட்டு வாங்கச் சொல்கிற மாதிரி.

கணக்கு_டீச்சர் (பதுளை):

சண்டை நடக்கட்டும், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கல்லூரியில் எத்தனை பந்து பறித்தான் என்று எண்ணி எடுக்காதீர்கள். ட்ரெவோன் டிக்ஸ் 2021இல் 11 பறித்தார், அடுத்த வருடம் 3. உண்மையில் நல்ல கோர்னர் பக்கம் பந்தே வராது, அதனால் அவர் கணக்கு வெறுமையாகத்தான் இருக்கும். வகுப்பில் சத்தமே போடாத பிள்ளை மாதிரி, ரிப்போர்ட் எழுதும்போதுதான் திணறுவோம்.

பயிற்றுவிப்பாளர் ஆளுக்கு ஆள் காவல் போடுகிறவரா, இடத்தைப் பிரித்துக் காக்கிறவரா என்றும் பாருங்கள். இடத்தைக் காக்கிற முறைக்கு இவ்வளவு விலை தேவையில்லை. 2024இல் பிலடெல்பியா 22ஆவதாகக் குவின்யோன் மிட்செல், 40ஆவதாகக் கூப்பர் டிஜீன் என்று இரண்டு கோர்னரை எடுத்து அந்தப் பருவத்திலேயே சூப்பர் போல் வென்றது.

ஸ்டோர்_நைட்ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் கேட்டதைப் போய்ப் பார்த்தேன், எங்கள் ஆள் பெரும்பாலும் இடத்தைத்தான் காக்கிறார். அப்படியென்றால் கவ்வாத்துத் தம்பி சொல்கிறபடி துரத்துகிற ஆள்தான். ஒரு சிக்கல், எங்கள் விளையாட்டில் இரண்டாம் சுற்றே கிடையாது, நாற்பதாவது இடத்துக்கு நான் எங்கே போவேன்? நல்லவேளை, என் இன்னொரு அணிக்கு இருபதுக்குப் பின்னால் ஒரு தெரிவு இருக்கிறது. அதில் கோர்னர். கண்டி அண்ணன் கோபிக்க வேண்டாம், சர்டெய்ன் மாதிரி ஒருவனை விட்டுவிட்டேனோ என்று எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

நிஜ ட்ராப்ட் நமக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு. அந்த நேரம் நான் ரோலர் பக்கம் நிற்பேன், போன் எடுக்க முடியாது. முதல் பத்து முடிந்ததும் யாராவது இங்கே போட்டுவிடுங்கள்.